சவரி நடந்த சுற்று

திண்டுக்கல்லுக்கு நான் போய்ச் சேர்ந்தது ஒரு பூ வேனில்.

மதுரையில் ஏறிய பேருந்து கொடைரோட்டைத் தாண்டியதும் புகையைக் கக்கிவிட்டு நின்றுபோனது. ஓட்டுநர் இறங்கி முன்மூடியைத் திறந்து பார்த்தார். "இது இனிமே நகராது. பின்னாடி வர்ற வண்டியில ஏறிக்கங்க" என்று சொல்லிவிட்டு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். பின்னால் வந்த வண்டிகள் எல்லாவற்றிலும் படிக்கட்டில் ஆள் தொங்கியது. பெரிய பெட்டியோடு வெயிலில் நின்றிருந்த என்னைப் பார்த்து, நிலக்கோட்டையிலிருந்து பூ ஏற்றி வந்த வேன் ஒன்று ஓரம் கட்டியது.

"எங்கக்கா போகணும்?"

"நாகல் நகர்."

"ஏறுங்க. பூ மார்க்கெட்டுக்குத்தான் போறேன். அங்கன எறக்கி விடுறேன், ஆட்டோ கெடைக்கும்."

முன்னிருக்கையிலும் ஒரு மூட்டை மல்லிகை இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார முடிந்தது. ஈரச் சாக்கு சேலையை நனைத்தது. ஓட்டுநர் பாட்டைச் சத்தமாக வைத்திருந்தார்.

"ஊர்ல விசேசமாக்கா?"

"தங்கச்சி வீட்டுக்காரர் தவறிட்டாரு. முப்பதாம் நாள் பூசைக்கு வாரேன்."

அவர் கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினார். திண்டுக்கல் வரும்வரை மறுபடி போடவில்லை.

நான் மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறேன். என் தங்கை ரெஜினா, தூத்துக்குடியிலிருந்து திண்டுக்கல்லுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் கணவர் சவரிமுத்து பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியர். அவர் இறந்த செய்தி வந்தபோது எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. பாஸ்போர்ட் நிர்வாகத்தின் கையில் இருந்தது. ஒரு மாதம் கழித்துத்தான் விட்டார்கள். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு ஜூன் மாதம் அது.

கதவைத் திறந்த ரெஜினா என்னைக் கட்டிக்கொள்ள வந்தவள், பாதியில் நின்றாள்.

"என்னக்கா, பூ வாசம் அடிக்கு?"

சொன்னேன். "போய் முதல்ல குளி" என்றாள். குளிக்கப் போனால் அண்டாவில் பாதிதான் தண்ணீர். குழாயில் தண்ணீர் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. மழை பொய்த்துக்கொண்டே இருந்த வருடங்கள் அவை. நான் இருக்கும் ஊரில் வருடம் முழுக்க மழை கிடையாது, ஆனால் குழாயைத் திறந்தால் கடல்நீரைக் காய்ச்சி வடித்த தண்ணீர் எந்த நேரமும் கொட்டும். இரண்டு செம்புத் தண்ணீரில் குளித்துவிட்டு வந்தேன். மல்லிகை வாசம் போகவில்லை.

மறுநாள் பூசை. மாதா கோயிலில் கூட்டம் இருந்தது, ஆனால் நான் எதிர்பார்த்த அளவு இல்லை. இருபது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன மனிதருக்கு இன்னும் கொஞ்சம் பேர் வந்திருக்கலாம். பூசை முடிந்து வீட்டு மொட்டைமாடியில் பந்தல் போட்டுச் சாப்பாடு. சீரகச் சம்பாவில் மட்டன் பிரியாணி, தாளிச்சா, வெங்காயப் பச்சடி. இந்த ஊரில் கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் ஒரே சமையல்காரர்தான், ஒரே ருசிதான். பயணக் களைப்பில் எனக்குப் பசித்தது. இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

கை கழுவப் போன இடத்தில்தான் அது காதில் விழுந்தது. தெருமுனையில் பால் கடை வைத்திருக்கும் பாக்கியம் என்ற பெண், பக்கத்தில் நின்றவளிடம் குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம எதுக்கு மலப் பக்கம் போனாராம்? அங்கன என்ன இருக்கு, சொல்லு. ஒயின்ஷாப்புலருந்து வாங்கிட்டுப் போய் ஒக்காந்து குடிக்கிற எடம் அது. சுத்தி பாட்டிலாக் கெடந்துச்சாம்."

"வாத்தியாரா?"

"வாத்தியார்னா குடிக்க மாட்டாகளாக்கும்."

என்னைக் கண்டதும் பாக்கியம் சொம்பை என்னிடம் நீட்டி, "சாப்பாடு போதுமாம்மா?" என்று கேட்டாள். போதும் என்றேன்.

மலைப் பக்கம் சவரி போனது நடப்பதற்கு. அந்த நடையை நானும் ஒருமுறை நடந்திருக்கிறேன். தொண்ணூறுகளில், அவர்கள் கல்யாணம் முடிந்த புதிதில், ஐப்பசி மழைக்குப் பிறகு என்னையும் ரெஜினாவையும் கூட்டிக்கொண்டு போனார். சிறுமலை அடிவாரத்தில் பேருந்து திரும்பும் இடத்தில் தொடங்கி, காட்டுக்குள் புகுந்து, ஒரு மொட்டைக் கரட்டின் மேலேறி, அந்தப் பக்கம் இறங்கி, மாந்தோப்பு, தென்னந்தோப்பு, கண்மாய்க்கரை வழியாகத் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடலாம். அதை அவர் "சுத்து" என்பார். "ஏறுறதே தெரியாது மதினி. சின்னப் புள்ளைகூட நடந்துரும்" என்று சொன்னார். உண்மைதான். புதுச் செருப்போடு நடந்தேன், ஒரு கொப்புளம்கூட வரவில்லை. கரட்டின் மேல் இடுப்பளவு புல் நின்றது. கீழே ஊர் முழுவதும் பச்சையாகத் தெரிந்தது.

அந்தச் சுற்றில்தான் போன மே மாதம் அவர் இறந்துபோனார். காலைப் பூசை முடிந்து போனவர், மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. சாயங்காலம் ஆடு மேய்க்கிற பெண் ஒருத்தி பார்த்துச் சொல்லி, போலீஸ் வந்து எடுத்துக்கொண்டு போனது. பிரேதப் பரிசோதனையில் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். தெருவுக்கு அதை யார் படித்துக் காட்டுவது?

அடுத்த நாள் வீட்டில் வேறு யாரும் இல்லை. நான், ரெஜினா, அவள் மகள் அமலி. அமலிக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் திறந்து மூன்று வாரம் ஆகியும் போகாமல் இருந்தாள். முதல் நாள் போனாளாம். வகுப்பில் ஒரு பெண், "உங்கப்பா குடிச்சிட்டுச் செத்தாராமே" என்று கேட்டிருக்கிறாள். அமலி அடிக்கவில்லை, அழவில்லை. மத்தியானம் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள்தான். நான் மஸ்கட்டிலிருந்து கொண்டுபோன பேரீச்சம்பழத்தையும் சாக்லெட்டையும் வாங்கிக்கொண்டு, "தேங்ஸ் பெரியம்மா" என்று சொல்லிவிட்டுக் கட்டிலின் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவள் தூங்கியதும் ரெஜினா பீரோவைத் திறந்து ஒரு துண்டை எடுத்து வந்தாள். மெல்லிய காவி நிறத் துண்டு. ஓரத்தில் பீடிக்கங்கு விழுந்து வரிசையாக ஓட்டைகள். துவைத்து மடித்திருந்தாள்.

"இது அவங்க முகத்து மேல கிடந்துச்சு. அவங்களோடது இல்ல."

"போலீஸ் போட்டிருப்பாங்க."

"இல்லக்கா. அந்த ஆட்டுக்காரம்மா பாக்கும்போதே கிடந்துச்சாம். அதுக்கு முன்னாடி யாரோ பாத்திருக்காங்க. பாத்துட்டு மூடிட்டுப் போயிருக்காங்க." துண்டைத் தடவினாள். "செத்தப்புறம் மூடினாங்களா, உசிரு இருக்கும்போதே மூடினாங்களா? அதுதான் எனக்குத் தெரியணும். ஒரு மாசமா வேற எதையும் யோசிக்க முடியல."

தெரிந்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் புறப்பட்டோம். அமலியை அவள் சித்தப்பா வீட்டில் விட்டோம். ரெஜினா எலுமிச்சைச் சோறும் தேங்காய்த் துவையலும் கட்டிக்கொண்டாள். எங்கோ சுற்றுலா போகிறவள்போல அவள் தூக்குவாளியைக் கழுவித் துடைத்தது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. நாகல் நகரிலிருந்து ஆட்டோ. வெளியூர்ச் சாலைக்கு வந்ததும் தோல் பதனிடும் தொட்டிகளின் நாற்றம் சிறிது தூரம் கூடவே வந்தது. ஆட்டோக்காரர் அடிவாரத்து ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்.

"இதுக்கு மேல கல்லு ரோடு. வண்டி தாங்காது. ரெண்டு பொம்பளைக மட்டும் எங்கிட்டுப் போறீக? காட்டுமாடு தண்ணி தேடிக் கீழ எறங்குதுன்னு சொல்றாக."

"சுத்திட்டு வந்துருவோம்" என்றாள் ரெஜினா. மத்தியானம் அங்கேயே வந்து காத்திருக்கச் சொன்னாள்.

பாதையின் தொடக்கத்தில் சிலுவை நட்ட ஒரு குருசடி இருந்தது. அதைக் கடந்ததும் காடு. காடு என்றால் உயர்ந்த மரங்கள் இல்லை. உசிலை, குடைவேல், கள்ளி, இடையிடையே வேம்பு. முன்பு நான் வந்தபோது பாதை முழுக்க நிழல். இப்போது உசிலை மரங்கள் இலை உதிர்ந்து எலும்பாக நின்றன. காலடியில் சருகு நொறுங்கியது. ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. பாதை என்னவோ அதே பாதைதான், மெல்ல வளைந்து, மூச்சு வாங்காமல் மேலே கொண்டுபோய் விடுகிற பாதை. சவரி சொன்னதுபோல ஏறுவதே தெரியவில்லை.

ரெஜினா முன்னால் நடந்தாள். எதிரே வந்தவர்கள் எல்லோரையும் நிறுத்தினாள். விறகு சுமந்து வந்த இருவர், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு கிழவர். துண்டை விரித்துக் காட்டி, "இது யாருதுன்னு தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றார்கள். கிழவர் மட்டும் துண்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வாத்தியார் வீட்டம்மாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

காடு முடிந்து கரடு தொடங்கியது. வெட்டவெளி. புல் இருந்த இடமெல்லாம் மண் தெரிந்தது. பாறைகளின் மேல் காலை வெயிலே சுட்டது. கீழே சமவெளி முழுக்கச் சாம்பல் நிறம். தூரத்தில் மலைக்கோட்டைப் பாறை தெரிந்தது. மஸ்கட்டைச் சுற்றி இருக்கிற மலைகளும் இப்படித்தான், ஒரு புல் கிடையாது. ஆனால் அவை எப்போதுமே அப்படி. இது பச்சையாக இருந்து நான் பார்த்த இடம்.

கரட்டுச் சரிவில் சில ஆடுகள் எதையோ கரண்டிக்கொண்டிருந்தன. மேய்த்துக்கொண்டிருந்த பெண் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். அன்று சாயங்காலம் சவரியை முதலில் பார்த்துச் சொன்னவள் அவள்தான். ரெஜினா கேட்பதற்கு முன்பே கையை நீட்டிக் காட்டினாள். சரிவின் கீழே ஒற்றையாக ஓர் இலுப்பை மரம் நின்றது.

"அங்கனதான் தாயி கெடந்தாரு. துண்டு மூஞ்சிய மூடிக் கெடந்துச்சு. மொதல்ல நானும் குடிகாரன்னுதான் நெனச்சேன். எப்பயும் ரெண்டு பேராச்சும் கெடப்பாக. ஆடு கிட்டக்கப் போயும் அசையல. அப்பறந்தான் துண்டத் தூக்கிப் பாத்தேன்." கையிலிருந்த கம்பை ஊன்றிக்கொண்டாள். "எறும்பு ஏறிருச்சு தாயி. நான் தட்டி விட்டேன்."

ரெஜினா தலையை ஆட்டினாள். துண்டு யாருடையது என்று அவளுக்கும் தெரியவில்லை.

இலுப்பை மரத்தடியில் உடைந்த பாட்டில்கள், பிளாஸ்டிக் தம்ளர்கள், ஊறுகாய்ப் பொட்டலங்கள். பாக்கியம் பொய் சொல்லவில்லை. ரெஜினா குனிந்து பாட்டில் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினாள். நானும் சேர்ந்துகொண்டேன். எல்லாவற்றையும் ஒரு பாறைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டோம். பிறகு அவள் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, சவரி பார்த்திருக்கக்கூடியதைப் பார்த்தாள். பாதை பத்தடி தூரத்தில் போனது. மறைவே இல்லை. அந்த வழியாகப் போகிற யாரும் பார்க்காமல் போக முடியாது.

"சாப்பிடலாமா?" என்றேன்.

"இங்க வேண்டாம்."

சரிவு முடிகிற இடத்தில் மாந்தோப்பு. கம்பி வேலிக்கு உள்ளே கீற்றுக் கொட்டகை. காக்கி அரைக்கால்சட்டை போட்ட, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வாசலில் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார்.

"இந்த வெயில்ல எங்கிட்டும்மா போய்ட்டு வாரீக? செத்த நேரம் ஒக்காந்து போங்க."

பேர் சின்னச்சாமி என்றார். தோப்புக் காவல். பெண்டாட்டி பிள்ளைகள் நத்தம் பக்கம், காய்ப்பு முடியும்வரை இங்கேதான் வாசம். எங்களுக்காகக் கயிற்றுக் கட்டிலைத் தட்டிப் போட்டார். மண்பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார். நல்ல தண்ணீர், குளிர்ந்திருந்தது. இருவரும் இரண்டு சொம்பு குடித்தோம். பிறகு கல்லாமை மாங்காய் ஒன்றைக் கீற்றாக நறுக்கி, உப்பும் மிளகாய்ப்பொடியும் போட்டு இலையில் வைத்தார்.

"இந்த வருசம் காயே இல்ல. இருக்கறதயும் காட்டுமாடு விட மாட்டேங்குது. சாப்பிடுங்க."

நாங்கள் கட்டிக்கொண்டு வந்த சோற்றை அங்கேதான் பிரித்தோம். அவருக்கும் கொடுத்தோம். "துவையலு நல்லாருக்கு தாயி. நமக்குத் தெனமும் கஞ்சியும் வெங்காயமுந்தான், வேற வெஞ்சனம் ஏது" என்று சிரித்தபடி சாப்பிட்டார். அந்த நாளில் நாங்கள் பார்த்த ஒரே சிரிப்பு அதுதான்.

கை கழுவிவிட்டு வந்து ரெஜினா பையிலிருந்து துண்டை எடுத்தாள். மற்றவர்களிடம் கேட்டதுபோலவே கேட்டாள்.

"இது யாருதுன்னு தெரியுமாண்ணே?"

சின்னச்சாமி துண்டைப் பார்த்தார். ஓரத்து ஓட்டைகளை விரலால் தொட்டார். தெரியாது என்று அவரும் சொல்லியிருக்கலாம். நாங்கள் எழுந்து போயிருப்போம்.

"என்னோடதுதான் தாயி" என்றார். "நீங்க யாரு?"

"நீங்க யாரு முகத்துல போட்டீங்களோ, அவரு சம்சாரம்."

அவர் எழுந்து நின்றுவிட்டார். எழுந்து நின்றவர் எங்கே போவது என்று தெரியாமல் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"வாத்தியார்னு எனக்குத் தெரியாது தாயி. சத்தியமாத் தெரியாது. போலீசு வந்தப்பறந்தான் தெரியும். பயந்துக்கிட்டுச் சொல்லல."

"அன்னைக்கு என்ன நடந்துச்சு, அதச் சொல்லுங்க."

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"காலம்பற மேல வேலி பாக்கப் போனேன். மரத்துல சாஞ்சு ஒக்காந்திருந்தாரு. நெஞ்சத் தடவிக்கிட்டு இருந்தாரு. கையத் தூக்குனாரு. கூப்புடுறாருன்னு தெரிஞ்சுச்சு. பக்கத்துல பாட்டிலு கெடந்துச்சு. சரி, ஆரம்பிச்சுட்டாகன்னு பேசாமப் போயிட்டேன். எனக்கு முன்னாடி ரெண்டு பேரு போனாக, அவுகளும் நிக்கல. உச்சி நேரத்துல திரும்பி வாரேன், சரிஞ்சு கெடக்காரு. வெயிலு நேரா மூஞ்சியில அடிக்குது. மனசு கேக்கல. கக்கத்துல கை குடுத்து நெழலுக்கு இழுத்துப் போட்டேன்."

"அப்ப உசிரு இருந்துச்சா?"

"இருந்துச்சு தாயி. கண்ணத் தொறந்து பாத்தாரு. பேசுனாரு."

"என்ன பேசினாரு?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவளைத் தடுப்பேன் என்று நினைத்தாரோ என்னவோ.

"தண்ணின்னாரு. ரெண்டு தடவ. தண்ணி, தண்ணின்னாரு."

சொல்லிவிட்டுத் தூணைக் கை மாற்றிப் பிடித்தார்.

"தண்ணின்னா எங்க பக்கம் அதுதான தாயி. இம்புட்டு ஊத்தியும் இன்னும் தண்ணி கேக்குதாடான்னு நெனச்சேன். தெளிஞ்சா தானா எந்திருச்சுப் போயிருவாருன்னு, ஈ மொய்க்காம இருக்கத் துண்ட மூஞ்சியில போட்டுட்டு வந்துட்டேன்."

கொட்டகை மூலையில் மண்பானை இருந்தது. அதன் மேல் நாங்கள் குடித்த சொம்பு கவிழ்ந்திருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க மூன்று பேரும் முயன்றோம்.

ரெஜினா கேட்டாள். "அவர்கிட்ட குடிச்ச வாசம் அடிச்சுதா?"

"இல்ல." அவர் கண்ணைத் துடைத்தார். "அது எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு. வேர்வ வாசந்தான். சட்ட பூரா நனஞ்சு கெடந்துச்சு."

எனக்கு அது போதுமாக இருந்தது. நெஞ்சைத் தடவுவது, சட்டை நனைய வேர்ப்பது, தாகம். எங்கள் அவசரப் பிரிவில் இப்படி வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். மஸ்கட்டில் கட்டட வேலைக்காரர் ஒருவர் சாலையோரம் விழுந்து கிடந்தால், பார்க்கிறவருக்கு முதலில் நினைவுக்கு வருவது வெயில். யாராவது ஒரு வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். இங்கே முதலில் நினைவுக்கு வருவது வேறு.

"அக்கா நர்ஸு" என்று ரெஜினா அவரிடம் சொன்னாள். ஏன் சொன்னாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அவர் என் பக்கம் திரும்பினார். "காலம்பறயே நான் ஆளக் கூப்புட்டுத் தூக்கிட்டுப் போயிருந்தா, பொழச்சிருப்பாராம்மா?"

என் வேலையில் இந்தக் கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறார்கள். அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். எதுவும் நம் கையில் இல்லை, உங்களால் ஆனதைச் செய்தீர்கள் என்று தோளைத் தொட்டுச் சொல்வேன். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"உள்ளதச் சொல்லுக்கா" என்றாள் ரெஜினா.

சொன்னேன். "காலையிலேயே கொண்டுபோயிருந்தா அநேகமா பிழைச்சிருப்பாரு. மத்தியானமும் வழி இருந்திருக்கும்."

சின்னச்சாமி தூணைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்தார். ரெஜினா அழவில்லை. துண்டை மடித்துக் கட்டிலின் மேல் வைத்தாள்.

"என் மகள் பள்ளிக்கூடம் போக மாட்டேங்கா. அப்பா குடிச்சிட்டுச் செத்தாருன்னு சொல்றாங்க. நீங்க வந்து, வாசம் அடிக்கலன்னு மட்டும் சொல்லணும். வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம். வருவீங்களா?"

"வாரேன் தாயி" என்றார். ரெஜினா நாளையும் வீட்டு அடையாளத்தையும் சொன்னபோதும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மிச்சச் சுற்றை நடந்தோம். தென்னந்தோப்பில் பாதி மரங்களுக்குத் தலை இல்லை. கண்மாய் பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிப்புகளைத் தாண்டித் தாண்டி ஆட்டோ நின்ற இடத்துக்கு வந்தோம். ஓட்டுநர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பி ஏறிக்கொண்டோம்.

ஊர் நெருங்கும்போது ரெஜினா சொன்னாள், "நீ பொய் சொல்லியிருக்கலாம்."

"நீதான உள்ளதச் சொல்லச் சொன்ன."

"சொன்னேன். அதுக்காக நீ சொல்லிரணுமா?" என்றாள். பிறகு என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். ஆட்டோ குலுங்கிய குலுக்கலில் அவள் அழுகிறாளா என்று தெரியவில்லை.

சின்னச்சாமி வரமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்தபோது தெருவில் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, வேட்டி. சட்டையில் பெட்டிக்குள் கிடந்த மடிப்பு அப்படியே இருந்தது. கையில் ஒரு மஞ்சள் பையில் மாங்காய். வாசலில் வைத்துவிட்டுத் தெருவிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

ரெஜினா யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கோயில் விட்டு வந்தவர்கள் நின்றார்கள். சவரியின் தம்பி வந்தார். பாக்கியம் கடையை விட்டு வந்தாள். அமலி என் கையைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் நின்றாள்.

வாசம் அடிக்கவில்லை என்று மட்டும் சொல்லச் சொல்லியிருந்தோம். அவர் எல்லாவற்றையும் சொன்னார். கையைத் தூக்கிக் கூப்பிட்டதை, பேசாமல் போனதை, நிழலுக்கு இழுத்ததை, தண்ணி கேட்டதை, கொடுக்காமல் வந்ததை. சவரியின் தம்பி ஓர் அடி முன்னால் வைத்தார். ரெஜினா கையை நீட்டித் தடுத்தாள்.

அமலி கேட்டாள், "அப்பா வலிக்குதுன்னு சொன்னாங்களா?"

"இல்ல தாயி. தண்ணி மட்டுந்தான் கேட்டாரு."

"நெஜமாவே குடிக்கலையா?"

"குடிக்கல தாயி. நான் கிட்டக்க நின்னவன். குடிக்கல."

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். கூட்டம் சிறிது நேரம் நின்று கலைந்தது. அன்று மத்தியானம் அமலி புத்தகப் பையை எடுத்துத் தூசு தட்டினாள்.

சாயங்காலம் ரெஜினாவும் நானும் பால் வாங்கப் போனோம். கடையில் பாக்கியத்தோடு இன்னும் இரண்டு பெண்கள். ரெஜினாவைப் பார்த்ததும் பாக்கியம் எழுந்தாள். அவள் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

"நாக்கு அழுகிப்போகும் எனக்கு. என்னென்னமோ பேசிட்டேன் ரெஜினா. வாத்தியாரு தங்கமான மனுசன்." பால் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தாள். "அந்தக் காவக்காரப் பயதான் குடிச்சிட்டு இருந்திருக்கான். இல்லாட்டி ஒரு மனுசன் தண்ணி கேக்கையில விட்டுட்டு வருவானா? எல்லாரும் அதத்தான் பேசிக்கிறாக."

மற்ற இருவரும் ஆமாம் என்றார்கள்.

வந்துவிடு என்று நான் ரெஜினாவின் முழங்கையைத் தொட்டேன். அவள் நகரவில்லை. பாலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சும்மா இருந்தால் போதும். இனி யாரும் சவரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்கள்.

"அந்தக் காவல்காரரு குடிக்கலக்கா" என்றாள்.

"ஒனக்கெப்படித் தெரியும்?"

"எங்ககிட்ட எல்லாத்தையும் சொன்னவரு, குடிச்சிருந்தா அதையும் சொல்லியிருப்பாரு. அவரும் குடிக்கல."

பாக்கியத்துக்குப் புரியவில்லை. "அப்பறம் ஏன் விட்டுட்டுப் போனானாம்?"

"எல்லாரும் போனாங்க. அவரு ஒருத்தர்தான் நின்னு நிழலுக்கு இழுத்துப் போட்டாரு." ரெஜினா ஒரு கணம் யோசித்துவிட்டுக் கேட்டாள், சண்டைக்குக் கேட்பதுபோல அல்ல, தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல. "நீங்களா இருந்தா நின்னிருப்பீங்களா?"

நான் பாக்கியம் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கல்லாப்பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நேர்மையாகவே யோசித்தாள்.

"நின்னிருக்க மாட்டேன்" என்றாள். "அந்தப் பக்கம் திரும்பியே பாத்திருக்க மாட்டேன்."

ரெஜினா தலையை ஆட்டினாள். நாங்கள் வீட்டுக்கு நடந்தோம்.